பறிப்பதற்கு முன் ஒரு பருவம்: காட்டுக்கீரையை அறிந்து சமைக்க விரும்பும் புதியவர்களுக்கு

கொங்கு நாட்டில் காடு என்றால் மரமடர்ந்த வனம் அன்று. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், ஆற்றுப் பாசனம் உள்ள நிலம் வயல், வானத்தை மட்டுமே நம்பிச் சோளமும் கம்பும் விதைக்கப்படும் மேட்டுநிலம் காடு. ஆகவே இங்கே காட்டுக்கீரை எனப்படுவது, யாரும் விதைக்காமலேயே மழைக்குப் பின் சோளக்காட்டிலும் வேலியோரத்திலும் எருக்குழி மேட்டிலும் தானாக முளைத்து, களையெடுக்கப் போன பெண்களின் சேலை மடியில் மாலையில் வீடு வந்து சேரும் கீரையே. அந்தப் பெண்களோடு வளராமல், நகரத்தில் வளர்ந்து, இப்போது இதைக் கற்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஈரோடு, திருப்பூர், கரூர் வட்டாரத்து மேட்டுநிலங்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், இதில் வரும் செடிகளில் பெரும்பாலானவை தமிழகச் சமவெளி எங்கும் காணக்கூடியவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளும் வேலை அன்று. ஒரு செடியை முளையாக, தழையாக, பூவாக, விதையாக என நான்கு நிலையிலும் கண்ணால் கண்ட பிறகே அதைச் சட்டியில் போட வேண்டும் என்பது நான் பின்பற்றும் விதி. அதற்கு ஒரு மழைப்பருவம் முழுவதும் தேவைப்படும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் உழவர் சந்தைக்குச் சென்று, கலவைக்கீரைக் கட்டு வைத்திருக்கும் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம். அதில் குறைவொன்றும் இல்லை. சொல்லப்போனால், அந்தக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு இலையையும் தனித்தனியே வைத்துப் பெயர் கேட்பது மிக நல்ல தொடக்கப் பாடம்.

முதற்படி: காலமும் இடமும்

ஆடி, ஆவணி மாதங்களில் பெய்யும் மழைக்கே சில செடிகள் முளைத்துவிடும் என்றாலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை உள்ள காலமே கீரைக்கு வளமானது. நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துக் காட்டுப்பக்கம் போனால் முளைகளைப் பார்க்கலாம். மூன்று நான்கு வாரத்தில் பறிக்கும் பதம் வரும். அதன் பிறகு பூவெடுத்து, தண்டு முற்றி, நார் ஏறிவிடும். முதல் பருவத்தில் பறிக்காமல் வாரம் ஒருமுறை அதே இடத்துக்குப் போய், அதே செடியைப் படமெடுத்து, ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைப்பது நல்லது.

இடத்தைத் தேர்வதில்தான் இன்றைய புதியவருக்கு அந்தக் காலத்தவரைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். களைக்கொல்லி அடித்த காட்டில் முதல் சில நாள் கீரை பச்சையாகவே இருக்கும், பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆகையால் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே, கடைசியாக எப்போது என்ன மருந்து அடித்தீர்கள் என்றும் கேட்டுவிட வேண்டும். வரப்போரத்தில் ஒரு பக்கச் செடிகள் மட்டும் வெளுத்தோ முறுக்கிக்கொண்டோ நின்றால், கேட்கவே வேண்டாம், திரும்பிவிடலாம். நெடுஞ்சாலை ஓரம், சாக்கடை வாய்க்கால், குப்பை எரிக்கும் இடம், இறந்த கால்நடை புதைத்த இடம் ஆகியவற்றை ஒதுக்குங்கள். நீரோரக் கீரைகளில் இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். பொன்னாங்கண்ணியும் ஆரைக்கீரையும் நொய்யல் கரையில் செழித்துத் தெரியலாம். ஆனால் திருப்பூர்ச் சாயக் கழிவு பல ஆண்டுகள் ஓடித் தேங்கிய ஆற்றுப்படுகை அது, நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையிலும் அந்தக் கழிவே தேங்கிக் கிடந்தது. அங்கே பறிக்கும் கீரையை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. உலோகக் கழிவுகள் வேர் வழியாகச் செடிக்குள்ளேயே ஏறிவிடக்கூடியவை.

உண்மையான வனத்துக்குள், அதாவது காப்புக் காட்டிலும் சரணாலயத்திலும், அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல், அதாவது மரம் அல்லாத வனத் தாவரப் பொருள்கள், மீது வழங்கும் உரிமை அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் உரியது; சுற்றுலாவாக வந்து போகும் நமக்கு உரியதன்று. வேலியோரமும் களத்துமேடும் நமக்குப் போதும்.

இரண்டாம் படி: ஆசிரியரைத் தேடுதல்

செல்பேசியில் படம் காட்டிப் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது நிறைய உள்ளன. ஐயத்தைக் கிளப்ப அவற்றைப் பயன்படுத்தலாம், தீர்த்துக்கொள்ளப் பயன்படுத்தக்கூடாது. நூறுநாள் வேலைக்கும் களை வெட்டுக்கும் போகும், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியே உங்களுக்குச் சரியான ஆசிரியர். அவர் விளக்கிச் சொல்லமாட்டார். இதைக் கிள்ளு, அதை விடு என்பார். ஏன் விடச் சொன்னார் என்பதை நீங்கள்தான் உற்றுப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதை மறக்கக்கூடாது. மதுரைப் பக்கம் மணத்தக்காளி என்பதைக் கோவைப் பக்கம் சுக்குட்டிக்கீரை என்பார்கள். மிளகுதக்காளி என்பாரும் உண்டு. ஒரே பெயரை இரண்டு செடிகளுக்கு வழங்கும் ஊர்களும் உள்ளன, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே உள்ளூர்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் குறித்து வையுங்கள். ஐயம் வந்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கல்லூரித் தாவரவியல் துறையிலோ பூவும் காயும் உள்ள கிளையைக் காட்டிக் கேட்கலாம். இலையை மட்டும் கொண்டுபோனால் அவர்களாலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

நம் மொழியே சில இடங்களில் எச்சரிக்கை தருகிறது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, நாய்வேளை எனப் பேயும் நாயும் முன்னே நிற்கும் பெயர்களை முன்னோர் சும்மா வைக்கவில்லை. உண்ணும் செடியைப் போலவே தோன்றி, உண்ணத் தகாததாகவோ கடுங்கசப்பாகவோ இருப்பது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வெண்பூப் பூக்கும் நல்லவேளையைக் கீரையாகச் சமைப்பார்கள். மஞ்சள் பூப் பூத்து, தொட்டால் பிசுபிசுக்கும் நாய்வேளையை விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் படி: ஐந்து செடிகள் மட்டும்

முதல் ஆண்டில் ஐந்துக்கு மேல் வேண்டாம். நான் பரிந்துரைக்கும் ஐந்தும் இந்த வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைப்பவை, அடையாளம் தெளிவானவை.

குப்பைக்கீரை, அதாவது அமராந்தஸ் விரிடிஸ், எருக்குழியைச் சுற்றி எங்கும் நிற்கும். இலை நுனி கூராக முடியாமல் நடுவில் சற்றே உள்வாங்கி, நகத்தால் கிள்ளி எடுத்தது போலத் தெரியும், நுனியில் பச்சைநிறப் பூங்கதிர் இருக்கும், முள் இராது. முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதன் இளந்தளிரையும் உண்ணலாம் என்றாலும், ஆய்வதற்குள் விரல் புண்ணாகிவிடும். யூரியா அதிகம் விழுந்த இடத்தில் வளர்ந்த குப்பைக்கீரையில் நைட்ரேட் சேர்ந்திருக்கும் என்பதால், அளவுக்கு மீறிக் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம்.

பண்ணைக்கீரையின் தாவரவியல் பெயர் செலோசியா அர்ஜென்டியா. சோளக்காட்டில் பயிருக்கு இணையாக உயரும். நீண்டு குறுகிய ஈட்டி போன்ற இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். பூத்துவிட்டால் அடியில் வெண்மையும் நுனியில் இளஞ்சிவப்புமாக, சுடர் போன்ற கதிர் நிற்கும். பூத்த செடியைக் கொண்டு அடையாளம் கற்று, பூக்காத செடியைக் கொண்டு சமைக்க வேண்டும். ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். துவரம்பருப்போடு இதைப் போல் இழைந்து வரும் கீரை வேறில்லை.

பருப்புக்கீரை, அதாவது போர்டுலாகா ஒலரேசியா, தரையோடு படர்ந்து, சாறு நிறைந்த சிவந்த தண்டும் தடித்த சிற்றிலையும் மஞ்சள் பூவும் கொண்டது. கடித்தால் இளம்புளிப்பு தெரியும். இதற்கு ஒரு சோதனை கட்டாயம்: தண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் சரி. வெள்ளைப் பால் வந்தால் அது சித்திரப்பாலாடை போன்ற வேறு ஒரு படர்செடி, உடனே எறிந்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். இரண்டும் ஒரே சதுர அடியில் பின்னிக்கொண்டு படரும் என்பதால், கைப்பிடியாக அள்ளாமல் ஒவ்வொரு தண்டாகப் பார்த்தே எடுக்க வேண்டும்.

முடக்கத்தான், அதாவது கார்டியோஸ்பெர்மம் ஹாலிகாகாபம், வேலியில் ஏறும் கொடி. மூன்று பக்கமும் புடைத்த, காகிதம் போன்ற பச்சைக் காய்களை வைத்துச் சிறுவர்கள் நெற்றியில் உடைத்து விளையாடுவார்கள். முற்றிய காயைப் பிரித்தால் கருமையான விதையில் இதய வடிவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். இவ்வளவு தெளிவான அடையாளத்தைத் தரும் செடி வேறு இல்லை என்பதால், காய் பிடித்த கொடியிலிருந்து மட்டுமே இலை பறிப்பேன் என்று முதல் ஆண்டில் உறுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது தூதுவளை. தண்டிலும் இலை நரம்பிலும் வளைந்த முள், ஊதாப் பூ, பழுத்தால் சிவக்கும் சிறு பழம். இதைக் கண்டங்கத்திரியோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. கண்டங்கத்திரி தரையில் படரும், அதன் முள் நேரானது, நீளமானது, பழம் மஞ்சள். தூதுவளை வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும்.

மூக்கிரட்டையை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் என் சொந்த அனுபவம். முதல் ஆண்டிலேயே மூக்கிரட்டை என்று நம்பிச் சாரணையைப் பறித்து, நீரை வடிக்காமல் சமைத்து உண்டு, மறுநாள் முழுவதும் வயிற்றோட்டத்தில் கிடந்தேன். இரண்டும் தரையில் படர்பவை, இரண்டிலும் எதிரெதிர் இலைகள் அளவில் வேறுபட்டிருக்கும். மூக்கிரட்டைப் பூக்கள் மெல்லிய காம்பில் கிளைத்துக் கொத்தாக மேலே நிற்கும், சாரணைப் பூ ஒவ்வொன்றும் இலையடியிலேயே பாதி புதைந்தாற்போல் ஒட்டி இருக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் கற்றேன். பூ வரும்வரை காத்திருந்தால் அந்த ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

நான்காம் படி: தொடக்கூடாதவை

உண்ணும் ஐந்தைக் கற்கும்போதே உண்ணக்கூடாத சிலவற்றையும் அதே அக்கறையோடு கற்க வேண்டும். இலை நுனி சுருண்டு கொடிப்பற்றாகும் செங்காந்தள் தமிழகத்தின் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படுவதும் அதுவே, அங்கே கண்வலிக்கிழங்கு என்பார்கள். அதன் கிழங்கை வேறு கிழங்கெனக் கருதி உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு உடனே வேலை காட்டாது; பல மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். ஊமத்தை, அரளி, எருக்கு, குன்றிமணி, காட்டாமணக்கு, ஒடுவன்தழை ஆகியவற்றையும் நேரில் கண்டு பழகிக்கொள்ளுங்கள். ஊமத்தையின் இளஞ்செடி கீரைகளுக்கு நடுவே முளைத்து நிற்கும்போது கத்திரிச்செடி போல எளிதில் ஏமாற்றும்.

எனவே தொடக்கநிலையில் கிழங்கும் காளானும் அறவே வேண்டாம். கீரையோடு நிறுத்திக்கொள்பவர் செய்யும் பிழை பெரும்பாலும் வயிற்றுவலியோடு போகும். கிழங்கிலும் காளானிலும் செய்யும் பிழைக்கு அந்த உறுதி கிடையாது.

ஆடு தின்கிறது, ஆகவே நாமும் தின்னலாம் என்பதும், பறவை கொத்திய பழம் நல்லது என்பதும் பரவலான நம்பிக்கைகள். ஆட்டின் வயிறு வேறு, பறவையின் குடல் வேறு. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கசக்கவில்லை என்பதற்காக நல்லதென முடிவு செய்வதும் தவறு. நஞ்செல்லாம் கசக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஐந்தாம் படி: பறித்தல்

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. துணிப்பை இரண்டு கொண்டுபோனால் ஒன்றில் உறுதியான கீரையையும் மற்றொன்றில் வீட்டில் பார்க்க வேண்டிய ஐயமான கிளைகளையும் தனித்தனியே வைக்கலாம். இரண்டையும் ஒரே பையில் போடுவது அடையாளம் கண்ட உழைப்பையெல்லாம் வீணாக்கும். செடியை வேரோடு பிடுங்காமல், மேல் நுனியை நான்கு விரல் நீளத்துக்கு நகத்தால் கிள்ளினால் போதும். நகத்துக்கு எளிதாக ஒடியாத தண்டு அடுப்பிலும் வேகாது. கிள்ளிய இடத்தில் பக்கக்கிளை விட்டு, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் தழைக்கும். பாம்பு, தேள் இருக்கும் புதர்களில் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள். பார்த்தீனியம் மண்டிய இடத்தில் முழுக்கைச் சட்டை அணியுங்கள்; அந்தச் செடி பலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

ஆறாம் படி: ஆய்தலும் கழுவுதலும்

வீட்டுக்கு வந்ததும் முறத்திலோ செய்தித்தாளிலோ பரப்பி, ஒவ்வொரு தண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். காட்டில் பார்த்தோமே என்ற சலிப்பு வரும்; ஆனால் நிழலில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் நடுவே சிக்கிய அந்நிய இலை கண்ணில் படும். பிறகு அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்துக் கீரையை அலசி, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து நீரை வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரை மீதே படியும். நீரில் மண் படியாமல் தெளியும் வரை, மூன்று நான்கு முறை, இதைச் செய்யுங்கள். நறுக்கிய பிறகு கழுவக்கூடாது. தூதுவளையில் நரம்பு முட்களைக் கத்தரியால் நீக்க வேண்டும். மிக இளம் இலையானால் நெய்யில் வதக்கும்போது முள் இளகிவிடும்.

ஏழாம் படி: சமைத்தல்

எந்தக் காட்டுக்கீரையையும் முதன்முறை தனியாகவே சமையுங்கள், கலவையாக வேண்டாம். ஏதேனும் ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரிய வேண்டும். ஒருவர் மட்டும், இரண்டு தேக்கரண்டி அளவு, பகல் உணவில் உண்டுவிட்டு, மறுநாள் வரை பார்த்துப் பிறகு வீட்டாருக்குக் கொடுக்கலாம். இது அடையாளம் உறுதியான கீரை உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கே. அடையாளம் தெரியாத செடியைச் சோதிக்கும் வழி அன்று.

பண்ணைக்கீரைக் கடைசலுக்கு நான்கு கைப்பிடி கீரைக்கு அரை ஆழாக்குத் துவரம்பருப்பு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு முக்கால் பதம் வேகவிட்டு, அதில் உரித்த சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் மூன்று, தக்காளி ஒன்று, அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்து, கடைசியில் கீரையைப் போட்டு மூடாமல் வேகவைக்க வேண்டும். மூடினால் பச்சை நிறம் கெட்டுவிடும். வெந்ததும் நீரைத் தனியே இறுத்து வைத்து, உப்புச் சேர்த்து, மண்சட்டியிலேயே மத்தால் கடைந்து, இறுத்த நீரை வேண்டிய அளவு ஊற்றி, கடுகும் வரமிளகாயும் தாளித்தால் சோளச்சோற்றுக்கும் களிக்கும் அதைவிடப் பொருத்தமான குழம்பு இல்லை. மிக்சியில் ஒரு சுற்றுப் போதாதா என்பார்கள். பசை போலாகிவிடும், கடைசலில் இலைத்துணுக்கு நாவில் தட்டுப்பட வேண்டும்.

பருப்புக்கீரைக்குத் தக்காளியும் புளியும் தேவையில்லை, அதன் புளிப்பே போதும். ஆனால் அதில் ஆக்சலேட் மிகுதி. நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் கரையக்கூடிய ஆக்சலேட்டின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். ஆகவே இந்த ஒரு கீரையில் மட்டும் இறுத்த நீரைச் சேமிக்காதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

முடக்கத்தானுக்குத் தோசைதான் எளிய வழி. இரண்டு ஆழாக்கு இட்லி அரிசியையும் அரைக்கால் ஆழாக்கு உளுந்தையும் சிறிது வெந்தயத்தையும் நான்கு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கைப்பிடி இலையோடு அரைத்து, இரவு புளிக்கவிட்டுக் காலையில் சுட்டால் கசப்பு பெரும்பாலும் தெரியாது. தூதுவளையைத் துவையலாகவோ, நெய்யில் வதக்கி மிளகு சீரகத்தோடு அரைத்து ரசமாகவோ செய்யலாம்.

இரண்டாம் ஆண்டில் பிரண்டைக்குப் போகலாம். சதுரத் தண்டின் இளங்கணுக்களை மட்டும் எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஓர நாரை உரித்து, நன்கு நிறம் மாறும் வரை வதக்கி, புளி சேர்த்தே அரைக்க வேண்டும். வதக்கல் குறைந்தால் தொண்டை அரிக்கும், அதை ஒருமுறை அனுபவித்தவர் மறுமுறை அவசரப்படமாட்டார்.

யார் உண்ணக்கூடாது, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்றவர் பறித்த கீரையைக் கொடுக்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள், கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் திடீரெனக் கீரையின் அளவை மாற்றக்கூடாது. முடக்கத்தானும் தூதுவளையும் சித்த மருத்துவத்தில் மருந்தாகவும் வழங்குபவை. அதனாலேயே தினமும் உண்டால் நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. வாரத்துக்கு ஒருமுறை உணவாக உண்பது வேறு, மூட்டுவலிக்கு மருந்தாக உண்பது வேறு.

உண்டபின் வாந்தி, கடும் வயிற்றோட்டம், வாய் மரத்துப்போதல், பார்வை மங்கல், படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வற்புறுத்தி வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. சமைக்காத மிச்சக் கீரையையும், தட்டில் மீந்ததையும் பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். என்ன செடி என்று தெரிந்தால் மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும். இதற்காகவே பறித்த ஒவ்வொரு வகையிலும் ஒரு கிளையைச் சமைக்காமல் ஈரத்துணியில் சுற்றி மறுநாள் வரை வைத்திருக்கும் வழக்கம் எனக்கு உண்டு.

மார்கழி முடியும்போது காட்டில் பண்ணைக்கீரை முற்றி, கதிர்கள் வெளுத்து நிற்கும். அந்தச் சமயம் ஒருமுறை போய், ஒரு கதிரை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். கருத்து மின்னும் நுண்விதைகள் உதிரும். சிலவற்றைக் காகிதத்தில் மடித்துக் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டு, மீதியை நின்ற இடத்திலேயே உதறிவிட்டு வாருங்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் முளை தேட வேண்டியிருக்கும்.